கூரைப் பலகையும் ஈரமும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் மரத்தாலான சாய்வுக் கூரையே அமைக்கிறார்கள். நம் ஊர் ஓட்டு வீட்டில் இருப்பதுபோல் அங்கும் கைமரங்கள் உண்டு. ஆனால் பல வீடுகளில் அவற்றின்மேல் 'பிளைவுட்' எனப்படும் ஒட்டுப்பலகையைப் பரப்புகிறார்கள். அதன்மேல் ஒரு தார் விரிப்பு. அதற்கும் மேலே மீன் செதில்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படியும் 'சிங்கிள்' என்ற தார் வில்லைகள். சிங்கிள் மழைநீரை வடியவிடுகிறது. பலகை பாரத்தைத் தாங்குகிறது.

மரம் இழையின் நெடுக்கில் வலிமை மிக்கது. குறுக்கில் வலிமை குறைவு. ஆகவே மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் செங்குத்தாக அமையும்படி பசையிட்டு அழுத்துகிறார்கள். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. இதுவே ஒட்டுப்பலகை.

இவ்வளவு உறுதியான பலகை ஏன் கெடுகிறது? ஈரமே காரணம். கிழிந்த சிங்கிள் வழியாகவோ புகைபோக்கியின் ஓரமாகவோ மழைநீர் இறங்கலாம். கூரை ஒழுகாமலும் பலகை நனைவதுண்டு! குளிர்காலத்தில் வீட்டிற்குள்ளிருந்து மேலேறும் வெப்பமான ஈரக் காற்று, குளிர்ந்த பலகையின் அடிப்புறத்தில் பட்டு நீர்த்துளிகளாகிறது. ஐஸ் தண்ணீர் நிரப்பிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இப்படித்தான். மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைகள் அதை அரிப்பதில்லை. ஈரம் 30 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பலகை அழுகும். ஆகவே ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய பலகையும் கெட்டுவிடும்.

கூரையின் உட்புறத்திலிருந்து கறை படிந்த இடங்களைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பார்கள். கெட்டியாக இருந்தால் பலகையை விட்டுவிடலாம். மெத்தென்று இறங்கினால் மாற்றியாக வேண்டும். சிங்கிள்களை அகற்றிய பின், பலகையின் தடிப்பளவே இறங்குமாறு ரம்பத்தை அமைத்து, கைமரத்தின் நடுக்கோட்டின்மீது அறுப்பார்கள். அப்போதுதான் பழைய பலகையின் விளிம்புக்குப் பாதி, புதியதற்குப் பாதி என்று கைமரம் தாங்கும்.

புதிய பலகையின் நீளம் 8 அடி, அதாவது 96 அங்குலம். கைமரங்கள் வழக்கமாக 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் நிற்கும். இரண்டாலும் 96 மீதியின்றி வகுபடுவதைக் கவனியுங்கள். எனவே பலகையின் முனைகள் கைமரத்தின்மேலேயே அமையும். பலகையின் நீளம் கைமரங்களுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். மேல் தகட்டின் இழைகள் ஓடும் திசை அதுதான். பலகைகளுக்கிடையே 1/8 அங்குலம் இடைவெளி விடுவார்கள். ஈரத்தில் விரியும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிப் புடைக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு.

கடைசியாக ஆணி. புயற்காற்று கூரையின்மேல் விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பலகை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. அதைப் பிடித்து நிறுத்துபவை ஆணிகளே. 1992-இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் பல வீடுகளின் கூரைப் பலகைகள் பறந்தன. ஆய்ந்தபோது, பல ஆணிகள் கைமரத்தில் இறங்காமல் விலகியிருந்தது தெரியவந்தது. இக்குறையைச் சிங்கிள் வெளியில் தெரியாமல் மறைத்துவிடும். ஆனால் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், கைமரத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிமுனை காட்டிக்கொடுத்துவிடும். அதனருகே இன்னோர் ஆணியைச் சரியான இடத்தில் அடித்த பிறகே சிங்கிள் வேய வேண்டும்.