மூடிய சுரங்கத்தின் வரவு செலவு: கோலார் தங்கவயலும் தொழில் மரபு இடங்களின் மறுபயன்பாடும்

இயங்கி ஓய்ந்த சுரங்கம், ஆலை, மின்நிலையம், பணிமனை போன்றவற்றுள் வரலாற்று மதிப்புக்காகக் காக்கத் தக்கவை தொழில் மரபு இடங்கள் எனப்படும். அவற்றை இடிக்காமல் வேறொரு பணிக்குத் திருப்பிக்கொள்வது மறுபயன்பாடு. இதில் கட்டடக் கலைஞரின் வேலை பெரும்பாலும் எளிதாக முடிந்துவிடுகிறது. திறப்பு விழா முடிந்த ஐந்தாம் ஆண்டில் கூரை ஒழுகும்போது யார் பணம் கொடுப்பது என்பதுதான் தீராத கேள்வி. இக்கட்டுரை அந்தக் கேள்வியைக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை வைத்துப் பார்க்கிறது.

தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் அதன் உழைப்பு வரலாற்றில் பெரும்பகுதி தமிழர்களுடையது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சென்றன. அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேடும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2024இல் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படமும் வட ஆர்க்காட்டு மக்களைத்தான் தங்கம் தேடி அனுப்புகிறது.

படவேட்டை இங்கே நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த அந்த ஊரில் சிதைந்து கிடந்த கோயில்கள் பல அண்மைக் காலத்தில் திருப்பணி கண்டன. டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை அதே வட்டாரத்தில் ஊர் வளர்ச்சிப் பணிகளையும் செய்துவருகிறது. கோயிலுக்கு ஒரு வசதி: எந்தப் பணிக்காகக் கட்டினார்களோ அதே பணி இன்றும் நடக்கிறது. ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் சேர்க்க யாரும் விளம்பரம் செய்ய வேண்டாம். சுரங்கத்துக்கு அந்த வசதி இல்லை. தங்கம் தீர்ந்தால் அதன் பணி தீர்ந்தது. புதிய பணியைத் தேடித்தான் கொண்டுவர வேண்டும்.

தங்கவயலில் காக்க என்ன இருக்கிறது?

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இங்கிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் இந்தச் சுரங்கங்களுக்காகவே நெடுந்தொலைவு கம்பியில் கொண்டுவரப்பட்டது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை முதலில் பதிவு செய்த ஆய்வுகளில் ஒன்று இதன் ஆழத்தில்தான் நடந்தது. தரையின் மேலே சுரங்க வாய்க் கோபுரங்கள், பளுதூக்கும் இயந்திரக் கூடங்கள், ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்கள், மன்றங்கள், தேவாலயங்கள், தொழிலாளர்களின் நெருக்கமான லைன் வீடுகள் ஆகியவை உள்ளன.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பிறகு அவை நடுவண் அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்து, ஆழம் கூடி, நட்டம் பெருகியதால் 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். இன்று ஊர் மக்களில் பலர் விடிவதற்குள் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

தண்ணீரும் சயனைடு மேடும்

சுரங்க மறுபயன்பாட்டின் செலவு தரைக்குக் கீழே தொடங்குகிறது. சுரங்கம் இயங்கும்வரை ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய பின் இறைப்பது நின்றது. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. ஆகவே பார்வையாளர்களை ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் திட்டம் எதுவும் முதலில் நீர் இறைப்புக் கட்டணத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

இந்தச் செலவை நேர்மையாக எதிர்கொண்ட ஒரு நாடு ஜெர்மனி. ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் அங்கே நீர் இறைத்தாக வேண்டும். இல்லையேல் தாழ்ந்துபோன நகரப் பகுதிகள் நீரில் மூழ்கும். இதை முடிவே இல்லாத கடமை என்று ஒப்புக்கொண்டு, 2007இல் ஓர் அறக்கட்டளையை அமைத்தார்கள். ஒரு பெரிய வேதிப்பொருள் நிறுவனத்தின் பங்குகள் அதன் கையில் உள்ளன. ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் தேவைப்படும் செலவை அதன் வருமானம் தாங்குகிறது. எஸ்ஸன் நகரின் சோல்ஃபரைன் சுரங்கம் 1986இல் மூடி, 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகி, அருங்காட்சியகங்களும் வடிவமைப்பு நிறுவனங்களும் குடியேறிய இடமாக மாறியது. அந்தப் புகழின் பின்னால் மாநில அரசின் பணமும் இந்த ஏற்பாடும் இருக்கின்றன. நம் ஊர்த் திட்ட அறிக்கைகளில் சோல்ஃபரைனின் படம் மட்டும் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது.

தங்கவயலின் மற்றொரு சுமை சயனைடு மேடுகள். தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு 13 மேடுகளாக, ஏறத்தாழ 3.3 கோடி டன் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி வீடுகளுக்குள் வருகிறது. அதே மேட்டில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் இன்னும் இருப்பதால் அதை மறுபடி பதப்படுத்தும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. 2024இல் கர்நாடக அமைச்சரவையும் இசைவு தந்தது. என் பார்வையில், தங்கவயலின் மரபுத் திட்டத்துக்கு முதலீடு கிடைக்கக்கூடிய ஒரே பெரிய ஊற்று இதுதான். இந்த வருமானத்தில் ஒரு பங்கைச் செலவழிக்காத வைப்புநிதியாக ஒதுக்கினால், அதன் வட்டி ஆண்டுதோறும் பராமரிப்புக்கு உதவும். ஏலம் முடிந்து பணம் அரசுக் கருவூலத்தில் கலந்த பிறகு கேட்டால் கிடைக்காது. 2015 முதல் செயல்படும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீர், மருத்துவம், சூழல் ஆகியவற்றுக்கானது. அதைப் பழைய கோபுரத்துக்கு வண்ணம் பூசச் செலவிடுவது நியாயமாகாது.

ஒரு கூடத்தின் கணக்கு

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை உண்மையான மதிப்பீடு அல்ல. ஓர் இயந்திரக் கூடத்தைச் செப்பனிட 3 கோடி ரூபாய் ஆகிறது. காவல், மின்சாரம், சம்பளம், காப்பீடு, பழுது ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 60 லட்சம். நுழைவுச்சீட்டை மட்டும் நம்பினால், 50 ரூபாய் வீதம் 1,20,000 பேர் வர வேண்டும். ஆண்டில் 300 நாள் திறந்தால் நாளொன்றுக்கு 400 பேர். புதிய இடத்துக்கு முதலாண்டில் இது நடக்கலாம். ஐந்தாம் ஆண்டில் கடினம்.

அதே கூடத்தில் 10,000 சதுர அடியைச் சதுர அடிக்கு மாதம் 25 ரூபாய் வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 30 லட்சம் வரும். நிகழ்ச்சிகளுக்கும் படப்பிடிப்புக்கும் 50 நாள், நாளுக்கு 20,000 என்றால் 10 லட்சம். மீதி 20 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 133 பேர் வந்தால் போதும். கூடத்தை இழுத்து நிறுத்துவது வாடகை. பார்வையாளர் துணை வருமானம். ‘கே.ஜி.எஃப்.’ படத்துக்குப் பின் ஊரின் பெயர் நாடெங்கும் தெரிந்திருப்பது படப்பிடிப்பு வாடகைக்கு உதவும், ஆனால் அந்த ஆர்வம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று வங்கி கேட்கும்.

இந்தக் கணக்கில் முதலீட்டுக்கு வட்டி சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 3 கோடியை 10 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கினால் வட்டியே ஆண்டுக்கு 30 லட்சம். வாடகை முழுவதும் அதற்கே போய்விடும். ஆகவே செப்பனிடும் செலவு மானியமாகவோ நன்கொடையாகவோ வர வேண்டும், நடத்தும் செலவு வருமானத்திலிருந்து வர வேண்டும். பல திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்து விழுந்திருக்கின்றன. வேல்ஸின் ‘பிக் பிட்’ நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடி 1983இல் அருங்காட்சியகமாயிற்று. பார்வையாளர்கள் உண்மையிலேயே 90 மீட்டர் கீழே இறங்கலாம். அத்தனை கவர்ச்சி இருந்தும் 2001இல் அது தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தது; இன்று நுழைவு இலவசம், செலவின் பெரும்பகுதி பொதுப்பணம்.

முழுக்க வணிகமாக நிற்பவையும் உண்டு. இலங்கையில் நுவரெலியா அருகே கந்தப்பொலையில் கைவிடப்பட்டிருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் விடுதியாக்கி 1996இல் திறந்தது. கொழுந்தை வாட்டும் நீண்ட மாடங்களில் ஏற்கெனவே வரிசையாகச் சன்னல்கள் இருந்தன. அறைகளாகப் பிரிக்க அவை பொருந்தின. பழைய இயந்திரங்களையும் காட்சியாக வைத்தார்கள். கட்டடத்தின் உடலுக்கு ஏற்ற தொழில் கிடைத்ததால் அது பிழைத்தது. தங்கவயலின் பங்களாக்களுக்கு இது பொருந்தும். உயரமான, சன்னல் குறைந்த இயந்திரக் கூடத்தை விடுதியாக்க முனைந்தால் செலவு கட்டுப்படாது; அதற்குப் பயிற்சிப் பட்டறையோ அரங்கமோ ஏற்றது.

யாருடைய இடம்?

எண்கள் சரியாக இருந்தாலும் பட்டா சரியாக இல்லையென்றால் குத்தகைக்கு யாரும் வரமாட்டார்கள். தங்கவயலில் நடுவண் நிறுவனம், மாநில அரசு, லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழும் தொழிலாளர் குடும்பங்கள் என மூன்று தரப்பு உண்டு. இடம் பெயர் பெற்று நிலவிலை ஏறினால் முதலில் வெளியேற்றப்படுவது மூன்றாம் தரப்பு. வீட்டுமனை உரிமையை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு திட்டத்தைத் தொடங்குவதே முறை. வழிகாட்டிகளாகவும் இயந்திரங்களை விளக்குபவர்களாகவும் இருக்கத் தகுதியுள்ள முன்னாள் தொழிலாளர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் சிலருக்கு ஓராண்டுச் சம்பளமும் போதும். கூரைப் பணிக்கு நிதி வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.