கொச்சிக் கால் பிறவியிலேயே வருவதா?

ஆங்கிலேயர் காலத்தில் யானைக்கால் நோய்க்கு ‘கொச்சிக் கால்’ என்றே ஒரு பெயர் இருந்தது. போர்த்துகீசியர் சொன்ன கதை இன்னும் விசித்திரம்: புனித தோமாவைக் கொன்றவர்களின் சந்ததி இப்படிப் பிறக்கிறதாம்! (உண்மையில் நோயைப் பரப்பும் கொசு தப்பித்துக்கொண்டது.)

யானைக்காலோடு யாரும் பிறப்பதில்லை. குழந்தை பிறக்கும்போதே பாதம் வீங்கியிருந்தால் அது வேறு. மில்ராய் நோய் போல, நிணநீர்க் குழாய் கருவிலேயே சரியாக அமையாத குறை.

கொச்சியின் மட்டாஞ்சேரிச் சாக்கடைகளில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது, அதன் வாயிலிருந்து யானைக்காலை உண்டாக்கும் புழுவின் இளம்பருவம் தோலில் இறங்கி, கடித்த துளை வழியே நெளிந்து நுழைகிறது. நிணநீர்க் குழாயில் நூல்போல் வளர்ந்து ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. குழாய் விரிந்து பழுதாக, நீர் தேங்குகிறது. கூடவே பாக்டீரியாவும் தொற்றினால் காய்ச்சல் வந்து வந்து தோல் தடிக்கும்.

தொற்று பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடும். வீக்கமோ பல ஆண்டுகள் கழித்துத்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே சாக்கடை, ஒரே கொசு. பார்ப்பவர்களுக்குப் பரம்பரை நோயாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கொசுவின் பங்கை 1877-இல் சீனாவில் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார்.

வளர்ந்த புழு ஈனும் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும். அதனால் ராத்திரியில் சுகாதாரப் பணியாளர் ரத்தம் எடுக்க வந்து கதவைத் தட்டினால், சலிக்காமல் விரலை நீட்டுங்கள்.