வீடும் வானிலையும் – 14: தடித்த சுவர், மெல்லிய கூரை

தை மாதத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலோ நாயுடுபுரத்திலோ நடந்து பாருங்கள். ஸ்வெட்டரும் மப்ளருமாக ஆட்கள் வாசற்படியிலும் கைப்பிடிச் சுவரிலும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குளிருக்கு வீட்டுக்குள் அடைவதுதானே வழக்கம் என்று சமவெளியிலிருந்து போகிறவருக்குத் தோன்றும். கேட்டால், “உள்ளதாங்க குளிரு, வெளிய பரவால்ல” என்பார்கள். அது மெய்தான். தெர்மாமீட்டரை வைத்தும் நிரூபித்துவிடலாம்.

ஜனவரியில் கொடைக்கானலின் பகல் உச்சம் 17, 18 டிகிரி செல்சியஸ். இரவில் எட்டு டிகிரி பக்கம் இறங்கும். திறந்த புல்வெளியிலும் ஏரிக்கரையிலும் தரை அதைவிடக் குளிர்ந்து உறைபனி படிவது தனிக் கதை. அடுப்போ ஹீட்டரோ எரியாத கல் வீடு ஒன்று இந்த இரண்டுக்கும் நடுவே, 12 அல்லது 13 டிகிரியில் போய் நிற்கும். தடித்த சுவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்: பகலையும் இரவையும் கலந்து சராசரியைக் கொடுப்பது. சென்ற வாரம் செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களைப் புகழ்ந்தோம். அங்கே பகல் உச்சத்தை மழுக்கினாலே பாதி நிம்மதி. இங்கே சராசரியே 13 டிகிரி என்றால் அந்தச் சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழனி மலை கருங்கல் மலை. சார்னோக்கைட் என்பார்கள் புவியியலாளர்கள். கைக்கெட்டும் தூரத்தில் கல் கிடைத்ததால் பழைய பங்களாக்களின் சுவர்கள் ஒன்றரை அடி கனத்துக்குக் கல்லால் எழும்பின. கல் கனமான பொருள்தான், ஆனால் கம்பளி அல்ல. ஒன்றரை அடிக் கல் சுவர், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட வேகமாக வெப்பத்தை வெளியே விடுகிறது. பங்களா வாடகைக்கு எடுக்கும் பலருக்கு இதை நம்ப மனம் வருவதில்லை.

அந்தப் பங்களாக்களின் வரலாறு 1845இல் தொடங்குகிறது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷனின் மதுரைக் கிளைப் பாதிரியார்கள், சமவெளியின் வெக்கைக்கும் நோய்க்கும் தப்பி மலையேறி ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். கார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து நடந்தும் கூலியாட்கள் தூக்கிய நாற்காலியிலும்தான் மேலே வந்தார்கள். லாஸ் காட் ரோடு வந்தது அடுத்த நூற்றாண்டில். வந்தவர்கள் ஊரில் தாங்கள் கண்டு பழகிய கணப்பையும் புகைபோக்கியையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் கொடைக்கானலில் ‘ஃபயர் பிளேஸ் உண்டு’ என்று விளம்பரத்தில் போட்டால் வாடகை கூடும்.

திறந்த கணப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பார்க்க அழகு; அதைத் தாண்டி அது ஒரு ஊதாரி. விறகில் உள்ள வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் அறைக்குக் கிடைக்கும். மிச்சம் புகைபோக்கி வழியாக வானத்துக்கு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. எரியும் நெருப்பு மணிக்குப் பல நூறு கன மீட்டர் காற்றை அறையிலிருந்து இழுத்து மேலே தள்ளுகிறது. அந்தக் காலியிடத்தை நிரப்ப, கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் எட்டு டிகிரிக் காற்று உள்ளே பாய்கிறது. கணப்பின் முன் உட்கார்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாட்டிக்கோ, கணப்பு எரியாத நாளைவிட எரியும் நாளில்தான் குளிர் அதிகம்.

இந்தக் குறையை 1796லேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் பிரபுப் பட்டம் பெற்ற ரம்ஃபோர்டு. கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டு, புகை ஏறும் கழுத்தைக் குறுக்கு என்றார். அப்படிக் கட்டினால் வெப்பம் அறைப்பக்கம் திரும்பும், புகையும் ஒழுங்காக மேலேறும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் கதவு வைத்த இரும்பு அடுப்புதான். உள்ளே போகும் காற்றை ஒரு திருகால் கட்டுப்படுத்தலாம், விறகு வெப்பத்தில் அறுபது, எழுபது சதவீதம் வரை அறையிலேயே தங்கும். பழைய கணப்பின் வாயில் அப்படியொரு அடுப்பைப் பொருத்தி, அதே புகைபோக்கியில் குழாயை ஏற்றிவிடலாம். கணப்பே மூட்டாதவர்கள் புகைபோக்கியின் கழுத்தை ஒரு தகட்டால் அடைத்தாலே போதும். இரவெல்லாம் திறந்து கிடக்கும் ஜன்னல் ஒன்று மூடப்பட்ட மாதிரி.

விறகு என்றால் இங்கே பெரும்பாலும் வாட்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்று புல்வெளிகளில் நட்டார்கள், அது நட்ட இடத்தில் நிற்கவில்லை. 1973க்கும் 2014க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, பழனி மலையின் மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றது. தோட்ட மரங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆகவே வாட்டிலை எரிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. ஈர வாட்டிலை எரிப்பதுதான் பாவம். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிய பிறகுதான் நெருப்பு நம் பக்கம் திரும்பும். அதுவரை கண்ணெரிச்சலும் புகைபோக்கியில் தார் போன்ற கசடும்தான் லாபம். மார்கழிக்கு எரிக்க வேண்டியதைப் பங்குனிக்கு முன்பே பிளந்து, மழை படாத கொட்டகையில் அடுக்க வேண்டும்.

விறகைவிட ஆபத்தானது கரி. 2024இல் கொடைக்கானல் விடுதி ஒன்றில் இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவில்லை. விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து கதவைத் திறப்பான். கனன்று கிடக்கும் கரியில் புகை இல்லை. அதுவே அதன் வஞ்சகம். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறையக் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோ ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஆசையோடு அதைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு அசதி. குளிரில் வரும் தூக்கம் என்றே நினைக்கத் தோன்றும். ஜன்னல் இல்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே குணம் உண்டு. கரிச்சட்டியோ பார்பெக்யூ அடுப்போ, நெருப்பு அணைந்ததுபோலத் தெரிந்தாலும் இரவில் வாசலுக்கு வெளியே. இதில் சமாதானமே கிடையாது.

சரி, நெருப்பை விட்டுவிட்டுக் கூரைக்கு வருவோம். என் கட்சி இதுதான்: கொடைக்கானலில் சூடு உண்டாக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம், உள்ள சூட்டைப் பிடித்துவைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மலையில் புதிதாக எழும்பும் வீடுகளைப் பாருங்கள். ஹாலோ பிளாக் சுவர், மேலே ஐந்தங்குலக் கான்கிரீட் தளம், அல்லது வெறும் தகர ஷீட். மதுரையிலோ வத்தலக்குண்டிலோ கட்டும் வீடுதான், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவந்து வைத்திருக்கிறார்கள். பழைய பங்களாக்காரர்கள் கல் சுவரில் கோட்டைவிட்டாலும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே மரப்பலகையால் ஒரு மச்சு. இன்றைக்குச் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த மச்சு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை. உள்ளே 18 டிகிரி வேண்டும், வெளியே 8. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே, வெறும் தகரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் வெப்பத்தை வெளியேற்றும். பத்து டிகிரிக்கு, முழுக் கூரைக்கும் சேர்த்தால் 800 வாட். ஒரு சின்ன ரூம் ஹீட்டர் இரவு முழுக்க வானத்தைச் சூடேற்றுகிறது என்று அர்த்தம். அதே தகரத்துக்குக் கீழே பலகையடித்து, மேலே இரண்டங்குலம் கிளாஸ் வுல்லோ தெர்மாகோலோ போட்டால் 80 வாட்டுக்கு இறங்கும். 80 வாட் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்புச் சூடு. ஹீட்டரை மட்டும் வாங்கிக் கூரையை விடுவது, மூடியில்லாத பானையில் உலை வைப்பது போல.

தகர வீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. விடியற்காலையில் மழையில்லாமலே கூரை சொட்டும். படுக்கை நனையும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கறுக்கும். ஓட்டை என்று நினைத்துத் தார் பூசுவார்கள். ஓட்டை இருக்காது. நாலு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கும். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. 18 டிகிரியில் எழுபது சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 12 டிகிரிக்குச் சற்று மேலான பரப்பில் பட்டாலே நீர்த்துளியாகும். வெறும் தகரத்தின் உட்பக்கமோ 11 டிகிரியில் கிடக்கிறது. மச்சும் பஞ்சும் போட்ட கூரையின் உட்பக்கம் 17 டிகிரிக்குக் குறையாது. சொட்டுவதற்கு வழியே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. அறைக்காற்று இடுக்கு வழியாக மேலே போய்த் தகரத்தைத் தொட்டால் பஞ்சு ஊறிக் கெடும். பஞ்சுக்குக் கீழே, அறைப்பக்கம், ஒரு பாலிதீன் விரிப்பு வேண்டும். பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே வெளிக்காற்று ஓட இடம் வேண்டும். தெர்மாகோலைத் திறந்தபடி விடக்கூடாது. தீப்பிடித்தால் நச்சுப்புகை. ஜிப்சம் பலகையோ சிமெண்ட் பலகையோ கொண்டு மூடி, புகைக்குழாய் பக்கம் வராமல் நிறுத்த வேண்டும்.

இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டால் மூச்சு முட்டாதா என்று கேட்பீர்கள். இந்த அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஒரு முறை மாறினால் 130 வாட் போகும். இடுக்கு நிறைந்த வீட்டில், காற்றடிக்கும் இரவில் மூன்று முறை மாறும், 400 வாட். ஒரு முறை தேவை, மூன்று முறை வீண். கதவு நிலையில் ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடைத்துவிட்டு, சமையலறையிலும் குளியலறையிலும் ஈரம் உண்டாகும் நேரத்தில் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது நல்லது. காலை வெயிலில் கால் மணி நேரம் எல்லா ஜன்னலையும் திறக்கலாம். காற்று மாறும், சுவரின் சூடு போகாது.

கொடைக்கானல் வெயிலை நன்றாக அறிந்தவர்கள் வானாய்வுக்கூடத்தார். 1899இல் சென்னையிலிருந்து சூரிய ஆய்வை இந்த மலைக்கு மாற்றினார்கள். 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டது இங்கேதான். அவர்களுக்கு நல்ல நேரம் காலை. பகல் ஏறஏற மேகமும் மூடுபனியும் வரும். வீட்டுக்கும் அதே நேரம்தான். லடாக்கில் தெற்கே கண்ணாடி வைக்கச் சொல்வார்கள். அங்கே மார்கழி நண்பகல் சூரியன் 32 டிகிரி உயரத்தில் தாழ்ந்து நின்று அறையின் உள்சுவர்வரை எட்டும். கொடைக்கானல் பத்து டிகிரி வடக்கில் இருப்பதால் அதே நாளில் சூரியன் 56 டிகிரிக்கு ஏறிவிடும். ஏழடி உயர ஜன்னல் வழியே ஐந்தடிக்குள் வெயில் நின்றுவிடும். இந்த ஊருக்குக் கிழக்கும் தென்கிழக்கும்தான் திசை. தெளிந்த காலையில் கிழக்குக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஐநூறு வாட்டுக்கு மேல் உள்ளே விடும். அதைத் தரைக்கல்லும் உள்சுவரும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கனத்த கல்லுக்கு இங்கே கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. இரவில் பலகைக் கதவையோ கனத்த திரையையோ மூடுவது கட்டாயம். பள்ளத்தாக்கைக் காட்டுவதற்காகச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு, ரூம் ஹீட்டருக்குத் தனி வாடகை வாங்கும் விடுதிகளைப் பற்றி என்ன சொல்ல!

மின்சாரத்துக்கு வந்தால், 2,000 வாட் ஹீட்டர் இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 960 யூனிட். முதல் நூறு இலவசம் என்பது அங்கே ஆறுதலாகாது. ஐநூறைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே வேறு. சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி, வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கொடுக்கும். கடும்பனி நாடுகளில் இந்த இயந்திரம் திணறும். எட்டு டிகிரி அதற்குச் சுகமான குளிர். தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது குளிர்விக்க மட்டுமே தெரிந்த ஏசி என்பதால் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் ஏசியும் இல்லை, ஹீட்டரும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்ததை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லாத இரவிலும் வேலை செய்வது மச்சும் பஞ்சும் மட்டும்தான்.

அதே 2018இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வீடுகளுக்காக ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்றொரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியே சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. வெறும் தகரம் அதைப்போல ஐந்து மடங்கு. மலைப்பகுதிக் கட்டட அனுமதியில் உயரத்தையும் சரிவையும் அளக்கிற நம் அதிகாரிகள் கூரையின் இந்த எண்ணையும் கேட்கலாம். அதற்குள், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: கூரை வீட்டுக்காரருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது. மச்சு போட்டால் லாபம் யாருக்கோ என்று வீட்டுக்காரர் கையை விரிப்பார். அவரிடம் குளிரைப் பற்றிப் பேசாமல் பூஞ்சையைப் பற்றிப் பேசுங்கள். வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிற செலவு அவருடையது.