ஒண்ணு குறையுதே, சார்!

போன வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். தமிழில் 'குடலிறக்கம்' என்று சொன்னால் ஏதோ தாத்தாக்களுக்கு வருகிற சமாசாரம் மாதிரி இருக்கிறதே என்று நண்பர்களிடம் 'ஒரு சின்ன சர்ஜரி' என்று சமாளித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

முதுகுத்தண்டில் ஒரு ஊசி. அதன் பிறகு இடுப்புக்குக் கீழே இருப்பது என்னுடையதா, பக்கத்து பெட்காரருடையதா என்று தெரியவில்லை. காது மட்டும் ஓவர்டைம் பார்த்தது. நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியில் ஒரு திரை. அந்தப் பக்கம் சினிமா ஓட, இந்தப் பக்கம் எனக்கு வெறும் ஒலிச்சித்திரம்!

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் தையல் போட நூல் கேட்டார். அப்போது ஒரு இளம் குரல்:

"ஒரு நிமிஷம் சார். காஸ் துணி பத்து எடுத்தோம். ஒன்பதுதான் இருக்கு."

"நல்லாப் பாருப்பா. கீழே விழுந்திருக்கும்."

"பார்த்துட்டேன் சார். இல்லை. இப்ப மூட வேணாம் சார்."

நான் பி.காம். படித்தவன். டிரயல் பேலன்ஸ் உதைத்தால், குறைகிற தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு அந்த அனாமத்துக் கணக்கு... என் வயிறு!

நாலைந்து நிமிஷத் தேடல். கடைசியில் ரத்தத்தில் நனைந்து, இன்னொரு துண்டோடு ஒட்டிக்கொண்டு பக்கெட்டில் கிடந்ததாம். "பத்து சார், சரியா இருக்கு!" என்றது குரல். அதற்குப் பிறகுதான் ஊசியில் நூல் ஏறியது. எனக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தேன். இருபத்தைந்து வயசு இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்கென்றே பி.எஸ்ஸி. இருக்கிறது, மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி என்றார்.

"அப்படி என்ன சார் நாலு வருஷம் படிக்க?" என்று கேட்டு வைத்தேன். பொரிந்து தள்ளிவிட்டார்.

ஆட்டோகிளேவில் 121 டிகிரி சூட்டில், அழுத்தத்தோடு, குறித்த நேரம் வரை கருவிகள் வேக வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்துவிட்டால் 'சூடு பட்டது' என்றுதான் அர்த்தம், 'கிருமி செத்தது' என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு பரிசோதனை. மின்சாரத்தால் ரத்தக் குழாயைச் சுடும் கருவிக்கான தகட்டை நோயாளி உடம்பில் சரியாக ஒட்டாவிட்டால், அந்த இடம் வெந்துபோகும். மயக்க மருந்து மெஷினில் எந்த காஸ் எந்தக் குழாயில் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

கடைசிச் சங்கதி வெறும் பயமுறுத்தல் இல்லை. 2011-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்ஸைடு போய்விட்டது. அவர் மீளவே இல்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

"இங்கே எல்லாரும் உங்களை மாதிரி படிச்சவங்கதானா?" என்றேன். தம்பி தயங்கினார்.

"அடுத்த தியேட்டர் அண்ணன் முதல்ல கேன்டீன்ல இருந்தவர் சார். பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டார். கை சுத்தம், வேலையும் நல்லாத்தான் செய்வார். ஆனா டாக்டர் அவசரத்துல 'போதும்பா, மூடு'ன்னா, அவரால 'வேணாம் சார்'னு சொல்ல முடியாது. சொன்னா மறுபடி கேன்டீன்தான்."

எனக்குச் சுரீரென்றது. சர்ட்டிஃபிகேட் என்றால் சுவரில் மாட்டுகிற காகிதம் என்று நினைத்திருந்தேன். அது முதுகெலும்பு சார்!

யோசித்துப் பாருங்கள். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நர்ஸுகளுக்கு 1926-லேயே இங்கே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. பார்மசிஸ்ட்டுகளுக்கு 1948-ல். ஆனால் திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு? 2021-ல்தான் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, இவர்களையும் சேர்த்து ஒரு சட்டம் போட்டது. ஆறு மாசத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்றது அது. நடந்த லட்சணம்? 2024 ஆகஸ்ட்டில் உச்சநீதிமன்றமே கூப்பிட்டு, 'இரண்டு மாசத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது!

'எண்ணிப் பார்ப்பதற்கெல்லாம் சட்டமா?' என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க 19 வரிகளில் ஒரு பட்டியல் கொடுத்தது. எண்ணிக்கையும் அதில் உண்டு. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 1.5 சதவிகிதமாக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது. புது மெஷின் இல்லை, புது மருந்து இல்லை. வரிசையாகக் கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்!

'சின்ன ஊர் நர்ஸிங்ஹோம் என்ன செய்யும்? பத்து வருஷ அனுபவக்காரரைத் தெருவில் விடுவதா?' நியாயமான கேள்விதான். கேன்டீன் அண்ணனைத் துரத்தச் சொல்லவில்லை. அவருக்கு அவகாசம் கொடுங்கள். வேலையில் இருந்தபடியே பயிற்சி, தமிழிலேயே பரீட்சை, பாஸானால் பதிவு எண். ஆனால் அந்த எண் இல்லாமல் யாரும் தியேட்டருக்குள் தனியாகப் பொறுப்பெடுக்கக் கூடாது. டாக்டரின் பெயர்ப் பலகைக்குக் கீழே அந்த எண்களையும் எழுதி மாட்டட்டும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் 'டாக்டர் கைராசிக்காரரா?' என்று விசாரிக்கிறோமே... கூடவே, 'தியேட்டரில் எண்ணப் போகிறவர் யார், என்ன படித்திருக்கிறார்?' என்றும் கேட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில் வந்தது. தொழில் புத்தி, வரி வரியாகப் படித்தேன். பஞ்சுக்குத் தனி, பிளாஸ்திரிக்குத் தனி, அந்தப் பத்து காஸ் துணிக்கும் தனியே ரேட் போட்டிருந்தார்கள். அதை எண்ணிப் பார்த்த தம்பியின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.