பத்தாவது ஆள் வந்தபிறகு

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் கூடங்களில் ஒரு பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர் வேலை பார்ப்பார்கள். பதிவேட்டில் ஒன்பது பெயர்தான் இருக்கும். மீதிப் பேரைக் கேட்டால் ‘காண்ட்ராக்ட் ஆள்’, ‘பீஸ் ரேட்’, ‘சீசனுக்கு வந்தவங்க’ என்று பதில் வரும். பத்தைத் தொட்டால் இ.எஸ்.ஐ. வந்துவிடும், கிராஜுவிட்டி வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். துணிக்கடை, ஒர்க்‌ஷாப், ஓட்டல் முதலாளிகளிடமும் இதே கணக்கு ஓடுகிறது.

இந்தக் கணக்கு தொழிலாளியை மட்டும் ஏமாற்றவில்லை, முதலாளியையும் பெரிய ஆபத்தில் நிறுத்துகிறது. சட்டம் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை, கூடத்தில் வேலை செய்கிறவர்களை எண்ணுகிறது. தற்காலிக ஆளும், பீஸ் ரேட் டெய்லரும், காண்ட்ராக்டர் அனுப்பிய ஆளும் அந்த எண்ணிக்கையில் வருவார்கள். ஒருமுறை பத்தைத் தொட்டுவிட்டால், பிறகு ஆட்கள் குறைந்தாலும் இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி பொறுப்புகள் நீங்காது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் இந்தப் பத்து என்ற எல்லை மாறவில்லை.

ஒரு விபத்தை வைத்துப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் முப்பது வயதுத் தொழிலாளி, வேலை நேரத்தில் மின்சாரம் தாக்கி இறந்துபோகிறார். அவருக்காக இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், அதாவது மாதம் 488 ரூபாய். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். விபத்து முதல் நாள் வேலையிலேயே நடந்திருந்தாலும், சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதத்தை அவருடைய குடும்பத்துக்கு மாதாமாதம் இ.எஸ்.ஐ. கழகம் பகிர்ந்து கொடுக்கும். முதலாளியிடம் இழப்பீடு கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால்? ‘எங்களிடம் ஒன்பது பேர்தான்’ என்று சாதித்து வென்றாலும் தப்ப வழியில்லை. தயாரிப்பு வேலை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையதுதான். சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆக 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணமும் இல்லையென்றால் அபராதம் வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தது நிரூபணமானால், இ.எஸ்.ஐ. கழகம் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க இறங்கும். எட்டு மெஷின் போட்டுக் கடனில் தொழில் நடத்துகிறவர் இதை எப்படித் தாங்குவார்? மாதம் 488 ரூபாயை மிச்சம் பிடிக்கச் சொல்லும் ஆலோசகர் அன்றைக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார்.

பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கல்யாணம் ஆனவங்களா? அப்போ ஆறு மாசம் லீவுல போயிடுவாங்க’ என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள். 26 வாரப் பிரசவ விடுப்புக்கான பணத்தைத் தானே கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. முறையாகக் கட்டப்பட்டிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுப்பது கழகம். முதலாளி வேலையைக் காப்பாற்றி வைத்திருந்தால் போதும். கர்ப்பமாக இருக்கிறார் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவது சட்டப்படி குற்றம்.

கிராஜுவிட்டியில் இன்னொரு தந்திரம் ஓடுகிறது. பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு வாரம் நிற்கச் சொல்லி, மறுபடி புது ஆளாகச் சேர்ப்பது. ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான பணிதான். இடையில் ஒரு வாரம் நிற்க வைத்ததால் அறுந்துபோகாது. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கு. மாதம் 15,000 வாங்கிப் பத்தாண்டு உழைத்தவருக்கு 86,538 ரூபாய் சேரும். பணியில் இருக்கும்போது இறந்தவர்களுக்கு இந்த ஐந்தாண்டு நிபந்தனையே கிடையாது.

பத்தாவது ஆளோடு வரும் இன்னொரு கடமையில் செலவு மிகக் குறைவு, அலட்சியமோ மிக அதிகம். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பதைத்தான் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சூப்பர்வைசர்மீது புகார் சொல்ல ஒரு பெண்ணுக்கு முதலாளியின் அறையைத் தவிர வேறு வாசல் இல்லை என்றால், அந்தப் புகார் பெரும்பாலும் வெளியே வராது. ஒரு நாள் அவர் வேலைக்கு வராமல் நின்றுவிடுவார், அவ்வளவுதான். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தப்பட்டாயிற்று. ஸ்டூல் வாங்கிப் போடுங்கள், உட்காரவும் விடுங்கள்.

இதுவரை பதிவு செய்யாதவர்கள் என்ன செய்வது? இ.எஸ்.ஐ. பதிவை இணையத்திலேயே முடிக்கலாம். பிறகு ஒவ்வொரு மாதத் தொகையையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆட்கள் இருபதைத் தொட்டால் பி.எஃப். பொறுப்பும் சேர்ந்துகொள்ளும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள். வேலையைவிட்டு நிற்பவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்த்துவிடச் சொல்கிறது புதிய சட்டம்.

தொழிலாளிகளே, சனிக்கிழமை சம்பளக் கவர், வங்கிக் கணக்கில் வந்த பணம், வருகை அட்டை, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அங்கே வேலை செய்தார் என்று காட்ட இவைதான் ஆதாரம். இ.எஸ்.ஐ. மறுக்கப்பட்டால் அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முறையிடலாம். சம்பளம், கிராஜுவிட்டி பாக்கி என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. எழுதிய புகாரோடு ஆதாரங்களின் நகலை இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.