நொதித்த மூலிகைச் சாறு வெயிலைத் தடுக்குமா?

ஜவ்வரிசி உலர்த்தும் சேலத்துப் பெண்கள், நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் ஆகியோரின் முகத்தில் வயதை மீறிய சுருக்கத்தையும் கருமைத் திட்டுகளையும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். “நொதிக்கவைத்த மூலிகைக் களிம்பு பூசினால் போதுமா?” என்று சிலர் வினவுகின்றனர்.

புற ஊதா ‘ஏ’ கதிர்கள் தோலின் உள்ளடுக்குவரை சென்று, அதற்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. சன்னல் கண்ணாடியும் இவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவருக்கு, சன்னலோரம் இருந்த இடப்பக்க முகம் மிகுதியாகத் தடித்துச் சுருங்கியிருந்ததை 2012இல் ஒரு மருத்துவ இதழ் படத்துடன் வெளியிட்டது. நம் நாட்டு ஓட்டுநருக்குச் சன்னல் வலப்பக்கம்.

நொதிக்கும்போது நுண்ணுயிர்கள் தாவரப் பொருள்களின் பெரிய மூலக்கூறுகளைச் சிறியனவாக உடைக்கின்றன. இத்தகைய சாறுகள் சில, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலும் எலிகளிலும் கொலாஜன் சிதைவைக் குறைத்துள்ளன. மனிதரிடம் நடந்த ஆய்வுகளோ சிலவே. ஆதலின் அவற்றைத் துணையாகக் கொள்ளலாம், காப்பாகக் கொள்ளலாகாது.

முற்பகல் 10 முதல் பிற்பகல் 3 மணிவரை இயன்றவரை நிழலை நாடுங்கள். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணியுங்கள். ‘ஏ’ கதிரையும் தடுக்கும், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத களிம்பை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை பூசுங்கள். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் செல்லாதீர்கள்; தோல் வெந்து கருக்கும். நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணையும், வடிவோ நிறமோ மாறும் மச்சத்தையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.