குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

"பல் முளைக்குது டாக்டர், அதான் வயித்தால போகுது. தண்ணி கொடுத்தா இன்னும் போகுமேன்னு நிறுத்திட்டோம்" என்று சொல்லும் தாய்மார்கள் இன்றும் உண்டு. பேதியைவிட ஆபத்து இந்த நிறுத்தல்தான்.

பேதியில் நீரோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளும் வெளியேறுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் வயிறு உப்பும், கை கால் துவளும். சோடியம் அளவு மாறினால் வலிப்பு வரலாம். ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகமே செயலிழக்கலாம்.

அறிகுறிகள் என்ன? குழி விழுந்த கண், கண்ணீரில்லாத அழுகை, உலர்ந்த நாக்கு, கைக்குழந்தை என்றால் உள்வாங்கிய உச்சிக்குழி. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். மெதுவாகத் திரும்பினால் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு, கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மருந்தை டாக்டர் சொல்கிறபடி 10 முதல் 14 நாள் கொடுக்கவேண்டும்.

நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் சொல்கிறேன்: மாதுளை ஓடோ, வசம்போ இழந்த நீரைத் திருப்பித் தராது.

குழந்தை குடிக்க முடியாமல் மயங்கிக் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ கை வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்!